கவிழ்ந்ததாம்: முன்தயாரிப்பும் மனோதர்மமும்

கழக்கூட்டத்தில், டெக்னோபார்க்குக்குப் பின்புறமுள்ள ஒரு வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஐந்து பேர் கூடுவது வழக்கம். மேசையில் இருபது முகப் பகடைகள், பென்சில்கள், ஒரு தட்டு நேந்திரங்காய் வறுவல், கையால் வரைந்த ஒரு துறைமுக நகரின் வரைபடம் ஆகியவை இருக்கும். வீட்டுக்காரி நாகர்கோவிலைச் சேர்ந்தவர், முப்பதை நெருங்குபவர், மென்பொருள் சோதனையாளராக வேலை பார்ப்பவர். வருபவர்களில் இருவர் அவருடன் பணிபுரியும் மலையாளிகள். மூன்றாமவர் காரியவட்டம் வளாகத்தில் முதுகலை படிக்கும் மாணவி, தாய்மொழி மலையாளம். நான்காமவர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊரொன்றிலிருந்து இங்கு வேலைக்கு வந்த இளைஞர். பேச்சு தமிழில் தொடங்கும், மலையாளத்தில் வளரும், பகடை உருளும்போது ஆங்கிலமாகும்.

அவர்கள் ஆடுவது டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் எனப்படும் கதையாட்டம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974-இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது. இதில் நால்வர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். எஞ்சிய உலகம் முழுவதும் ஐந்தாமவர் பொறுப்பு. மழையும் மன்னனும் காவலனும் தெருநாயும் அவரே. ஆங்கிலத்தில் கேம் மாஸ்டர் எனப்படும் அவரைக் கதைசொல்லி என்று அழைப்பது பொருந்தும். அவர் நிலைமையை விவரித்து, "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். விடை வந்ததும் உலகம் அதற்கேற்ப அசையும். முடிவு ஐயத்துக்குரியதாக இருந்தால் பகடை தீர்மானிக்கும். நாடகம்போல் தோன்றினாலும் இதற்குப் பிரதி இல்லை, பார்வையாளரும் இல்லை.

பிரதி இல்லாத இடத்தில் எதை முன்கூட்டித் தயாரிப்பது என்பது இந்த ஆட்டத்தின் தொடக்கக் காலத்திலிருந்தே உள்ள கேள்வி. கழக்கூட்டத்துக் கதைசொல்லி அதற்குக் கண்ட முதல் விடை, நாற்பத்து மூன்று பக்கங்கள் கொண்ட ஒரு குறிப்பேடு. துறைமுகத்துச் சுங்க அதிகாரி கொலை செய்யப்படுவார். தடயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைக்கும். ஏழாவது வாரத்தில் வணிகர் ஒருவரின் மாளிகையில் உண்மை வெளிப்படும். மாளிகையின் அறைகளுக்கெல்லாம் வரைபடம் வைத்திருந்தார்.

முதல் மாலையிலேயே ஆட்டக்காரர்கள் கொலையை விட்டுவிட்டு, குறிப்பேட்டில் ஒரே வரியில் இடம்பெற்றிருந்த தேநீர்க் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பெயரென்ன, ஊரென்ன, ஏன் இடக்கையால் ஆற்றுகிறார் என்று கேட்டார்கள். எதற்கும் குறிப்பில் விடையில்லை. கதைசொல்லி அவர்களைக் கொலைக்குத் திருப்பப் பாடுபட்டார். தெற்கே போனால் பாலம் உடைந்திருந்தது. வடக்கே போனால் கோட்டைக் கதவு சாத்தியிருந்தது. நான்காவது வாரம் காரியவட்டத்து மாணவி சிரித்துக்கொண்டே கேட்டார்: "சேச்சி, எந்த வழியாகப் போனாலும் அந்த மாளிகைக்குத்தானே போய்ச் சேருவோம்?" மற்றவர்களும் சிரித்தார்கள். அன்றிரவு கதைசொல்லிக்கு உறக்கம் வரவில்லை.

இந்தக் குறைபாட்டுக்கு ஆட்டக்காரர்களின் வழக்கில் தண்டவாளம் போடுதல் என்று பெயர். பயணி சன்னல் வழியே பார்க்கலாம், இறங்க முடியாது. இதற்கு எதிர்வினையாக ஒரு மரபே உருவானது. வின்சென்ட் பேக்கர் 2010-இல் வெளியிட்ட அபோகாலிப்ஸ் வேர்ல்ட், கதையின் போக்கைத் திட்டமிட வேண்டாம் என்று நடத்துபவருக்குத் தெளிவாகவே சொல்கிறது. என்ன நடக்கும் என்பதை ஆடித்தான் அறிய வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. ஆயினும் அந்நூல் முன்தயாரிப்பை முற்றாகக் கைவிடவில்லை. உலகில் என்னென்ன ஆபத்துகள் உள்ளன, அவை எதை விரும்புகின்றன, யாரும் தடுக்காவிட்டால் எங்கே போய் முடியும் என்பவற்றைக் குறித்துவைக்கச் சொல்கிறது. நிகழ்ச்சிகளை எழுதிவைக்க வேண்டாம், நிலைமையை அறிந்து வைத்திருந்தால் போதும் என்று இதைச் சுருக்கலாம்.

கதைசொல்லி இந்த அறிவுரையின் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். குறிப்பேட்டை மூடி அலமாரியில் வைத்தார், மனோதர்மத்தில் இறங்கினார். கர்நாடக இசையிலிருந்து இந்தச் சொல்லை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. பாடகர் மேடையிலேயே உருவாக்கும் ஆலாபனையும் நிரவலும் மனோதர்மம். முன்பே அமைந்த கீர்த்தனை கல்பிதம். ஆட்டம் உயிர்பெற்றது. தேநீர்க் கடைக்காரருக்குப் பெயர் கிடைத்தது. ஒரு மகளும் கிடைத்தாள். இடக்கைக்கு ஒரு காரணமும் கிடைத்தது. ஆட்டக்காரர்கள் எங்கே திரும்பினாலும் அங்கே ஒரு தெரு முளைத்தது. மாளிகைக்கு ஒருவரும் போகவேயில்லை.

மூன்று மாதம் கழித்து, நடந்தவற்றைத் தொகுத்து வைத்திருந்த மாணவி ஒரு பட்டியலைக் காட்டினார். அதுவரை வந்த முதியவர்களில் ஆறு பேர் நொண்டி நடப்பவர்கள். வெளிப்பட்ட இரகசியங்கள் எல்லாமே உடன்பிறந்தவரின் துரோகம். கடலுக்குப் போன கப்பல்கள் எல்லாமே மூழ்கிவிட்டன. "சேச்சி யோசிக்காமல் சொல்லும்போதெல்லாம் இதுதான் வருது" என்றார் மாணவி. குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை.

மொழியியல் மாணவர்களுக்கு இந்தப் பட்டியல் வியப்பளிக்காது. மில்மன் பாரியும் அவர் மாணவர் ஆல்பர்ட் லார்டும் 1930-களில் யூகோஸ்லாவியாவில் காவியப் பாடகர்களைப் பதிவு செய்தார்கள். லார்டின் தி சிங்கர் ஆஃப் டேல்ஸ் (1960) சொல்வது இது: அப்பாடகர்கள் காவியத்தைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யவில்லை, வாய்பாடுகளையும் கதைக்கூறுகளையும் கையிருப்பாகக் கொண்டு, பாடும்போதே புனைந்தார்கள். க. கைலாசபதி இந்தப் பார்வையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தி 1968-இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு நூல் தமிழ் ஆய்வுலகம் நன்கறிந்தது. அவர் முடிவுகளை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால், உடனடிப் புனைவு வெறுமையிலிருந்து எழுவதில்லை. ஏற்கெனவே கையில் உள்ளதிலிருந்தே எழுகிறது என்ற அடிப்படையை மறுப்பது கடினம்.

பாடகரின் கையிருப்பு தலைமுறைகள் சேர்த்துச் சீர்செய்தது. கழக்கூட்டத்துக் கதைசொல்லியின் கையிருப்போ அவர் பார்த்த திரைப்படங்களும், படித்த நாவல்களும், காதில் விழுந்த செய்திகளும். அதில் என்ன கிடக்கிறது என்பதை அவர் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்காத கையிருப்பில் பிறருடைய வாழ்க்கையும் கிடக்கலாம்.

அது ஒரு மழை ஞாயிறன்று தெரியவந்தது. கடற்கரை இளைஞரின் பாத்திரம் ஒரு மாலுமி. அந்த மாலுமிக்கு ஓர் அண்ணன் இருப்பதாக இளைஞர் முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தார். அன்று மாலுமி துறைமுக அலுவலகத்துக்குப் போய் அண்ணனின் படகைப் பற்றி விசாரித்தார். கதைசொல்லியிடம் குறிப்பு இல்லை. பகடையை உருட்டினார்; மிகக் குறைந்த எண் விழுந்தது. துறைமுகக் கணக்கரின் குரலில், யோசிக்காமல் சொன்னார்: "அந்தப் படகு புயலில் கவிழ்ந்தது. போன நான்கு பேரும் இறந்துபோனார்கள்."

இளைஞர் ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலை மேசைமேல் வைத்தார். "அடுத்து நீங்க ஆடுங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அரைமணி நேரத்தில் ஆட்டம் கலைந்தது. காரணம் கதைசொல்லிக்கு அவர்கள் போன பிறகுதான் உறைத்தது. 2017 நவம்பர் 30. ஒக்கி. குமரியின் மேற்குக் கரையிலும் பூந்துறை, விழிஞ்ஞம் பகுதிகளிலும் கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. பல குடும்பங்களுக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை. இளைஞரின் ஊர் அந்தக் கரையில்தான் இருந்தது. இது அவருக்குத் தெரியாத செய்தியல்ல. தெரிந்திருந்தும், வாயைத் திறந்தபோது நினைவில் இல்லை.

முன்தயாரிப்பு, மனோதர்மம் பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் பேசப்படுவது கதையின் சுவை. எது விறுவிறுப்பானது, எது செறிவானது, எது நடத்துபவருக்கு எளிது என்பவையே கேள்விகள். ஆனால் மேசையில் சொல்லப்படும் ஒவ்வொரு வாக்கியமும் எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரிடம் சொல்லப்படுகிறது. இவ்வகை ஆட்டங்களில் இதற்கென்றே சில ஏற்பாடுகள் உண்டு. ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு அவற்றுள் ஒன்று. எக்ஸ் எழுத்து எழுதிய அட்டை ஒன்று மேசை நடுவே இருக்கும். யார் அதைத் தொட்டாலும், காரணம் கேட்காமல் அந்தப் பகுதியை விட்டுவிட்டு ஆட்டம் நகரும். பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் அட்டை வாக்கியத்துக்குப் பின்னர் வருவது. வாக்கியத்துக்கு முன்னர் இருக்க வேண்டியது எது?

திருவிதாங்கூரில் பிறந்த ஒருவரை இங்கே நினைவுகூரலாம். இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 1907-ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்பெற்றவர். அவதானக் கலையில் ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். இன்னொருவர் கணக்குக் கேட்பார். வேறொருவர் முதுகில் கற்களை எறிந்துகொண்டிருப்பார், எண்ணிக்கையைப் பிறகு சொல்ல வேண்டும். நூறு பக்கமும் ஒரே வேளையில் கவனம் செல்ல வேண்டும். வெண்பா அந்த இடத்திலேயே பிறக்கிறது. யாப்பு பல்லாண்டுப் பயிற்சி. இந்த இரண்டையும் எல்லோரும் காண்கிறார்கள். மூன்றாவதாக ஒன்று அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை: எதை யார் கேட்டார் என்பதை அவதானி மறப்பதில்லை. கேட்டவருக்குரிய விடை கேட்டவரிடமே போய்ச் சேருகிறது. அவதானம் என்ற சொல்லுக்கே கவனம் என்பதுதான் பொருள். கவிபாடுதல் அதன் ஒரு பகுதி.

கதைசொல்லி நாற்பத்து மூன்று பக்கத்தில் கொலையைத் தயாரித்தார், மேசையைச் சுற்றி இருந்தவர்களைத் தயாரிப்பில் சேர்க்கவில்லை. பிறகு தயாரிப்பையே விட்டார். அப்போதும் அவர்கள் சேரவில்லை. இரண்டு முறையும் விடுபட்டது ஒன்றே.

புதன்கிழமை இரவு, தேசிய நெடுஞ்சாலை மேம்பாலத்தின் கீழே ஒரு தட்டுக்கடையில் இருவரும் சந்தித்தார்கள். கதைசொல்லி மன்னிப்புக் கேட்டார். ஞாயிறு சொன்னதை அழித்துவிடலாம், படகு கவிழவேயில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். இளைஞர் தோசையைப் பிய்த்துக்கொண்டே தலையசைத்து மறுத்தார்.

"அழிக்க வேண்டாம் அக்கா. எனக்காக அழிச்சதுன்னு எல்லாருக்கும் தெரியும். பெறவு வார ஒவ்வொரு வாரமும் என் மூஞ்சியப் பாத்துத்தான் கதை சொல்லுவீங்க."

"அப்போ என்ன செய்யட்டும் தம்பி?"

சற்று நேரம் பதில் வரவில்லை. பிறகு அவர் தம் தாய்மாமனைப் பற்றிச் சொன்னார். மாமா ஒக்கியில் போனவர். உடல் வரவில்லை. "அம்மா இப்பவும் 'கடலுக்குப் போயிருக்கான்'னுதான் சொல்லுவா. 'போனான்'னு சொல்ல மாட்டா. நாங்க யாரும் திருத்துறது இல்ல." பிறகு சொன்னார்: "அந்தப் படகு எங்க இருக்குன்னு நீங்க எழுதி வைக்காதீங்க. வேற எதையும் எழுதி வச்சுக்கோங்க."

'போனான்' என்பதற்கும் 'போயிருக்கிறான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் இலக்கண வகுப்பில் விளக்குவது எளிது. முன்னது முடிந்த செயல். பின்னதில் 'இரு' என்னும் துணைவினை, செயலின் விளைவு இன்னும் நீடிப்பதைக் காட்டுகிறது. போனவர் இன்னும் போன நிலையிலேயே உள்ளார், வருகை மறுக்கப்படவில்லை. அந்தத் தாய் இலக்கணம் படித்தவரல்லர். ஆயினும் எந்த வடிவம் தம் தம்பிக்கு இடம் வைத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு ஆட்டம் துறைமுக அலுவலகத்திலேயே தொடங்கியது. கதைசொல்லி அன்று குறிப்பேட்டுடன் வந்திருந்தார். அதில் புதிதாக ஒரே ஒரு பக்கம். துறைமுகக் கணக்கர் யார், எத்தனை ஆண்டு அந்த வேலையில் இருக்கிறார், எதற்கு அஞ்சுகிறார், எதைத் தம் கண்ணால் பார்த்திருக்க முடியும், எதைப் பார்த்திருக்க முடியாது என்பவை மட்டும் எழுதியிருந்தன. இளைஞரின் மாலுமி கணக்கர் முன் போய் நின்றார்.

"கவிழ்ந்தது என்றீர்களே, நீங்கள் பார்த்தீர்களா?"

கதைசொல்லி உடனே விடை சொல்லவில்லை. கணக்கர் அலுவலகத்தை விட்டு வெளியே போகாதவர் என்று பக்கத்தில் இருந்தது.

"நான் பார்க்கவில்லை. வந்து சொன்னார்கள். எழுதிக்கொண்டேன்."

"அப்படியானால் கவிழ்ந்ததாம். அவ்வளவுதானே?"

"ஆமாம்" என்றார் கணக்கர். "கவிழ்ந்ததாம்."

மலையாளி நண்பர்களுக்கு அது உடனே விளங்கியது. அவர்கள் மொழியில் 'அத்ரே' செய்யும் வேலை அதுவே. சொல்பவர் கண்டதல்ல, கேட்டது என்று காட்டும் ஒட்டு. திராவிட மொழிகளின் இத்தகைய கூறுகளை ஆராய்வதற்கென வ.அய். சுப்பிரமணியம் 1977-இல் தொடங்கிய பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளி, கழக்கூட்டத்துக்கு அருகே மேனங்குளத்தில் இருக்கிறது. அன்று அந்த மேசையில் 'ஆம்' செய்த வேலை ஆய்வுக்குரியதே. அது ஞாயிறு சொன்ன எதையும் அழிக்கவில்லை. கணக்கர் சொன்னார் என்பது உண்மையாகவே நின்றது. இறந்தார்கள் என்பது மட்டும் நிகழ்ச்சியிலிருந்து செய்தியாக மாறியது. தீர்ப்பு ஒற்றை ஒட்டினால் வாக்குமூலமாயிற்று.

பாட்டி சொல்லும் கதைகள் எல்லாம் இந்த 'ஆம்' கொண்டவைதாம். ஒரே ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தாராம், அவருக்கு ஏழு மகள்களாம். பாட்டி கதைக்குத் தம்மை உரிமையாளராகக் கருதுவதில்லை. அவரும் கேட்டவர், கேட்டதைச் சொல்பவர். மேசையில் அமர்ந்த கதைசொல்லியோ 'ஆம்' இல்லாமல் பேசுகிறார். அவர் கவிழ்ந்தது என்றால் கவிழ்ந்ததுதான். அவர் சொல்லே அந்த உலகின் நிகழ்ச்சி. நாற்பத்து மூன்று பக்கம் எழுதியவரிடமும், எதையும் எழுதாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னவரிடமும் இந்த அதிகாரம் ஒன்றாகவே இருந்தது. முன்னவர் அதைத் தாளில் வைத்திருந்தார், பின்னவர் நாவில் வைத்திருந்தார். ஆட்டக்காரர்களுக்கு உரிமை தருகிறோம் என்று சொல்லும் மனோதர்மமும், சொல்பவர் கேட்பவராக மாறாதவரை, இன்னொரு வகைத் தண்டவாளமே.

பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்து இதே கேள்வியின் வேறொரு முனையில் நிற்பது. பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில், மலையாள மண்ணில், இரவுகள்தோறும் கம்பனின் தமிழ்ப் பாடல்கள் ஒலிக்கின்றன. பாடல் மனப்பாடம். அதன்மேல் எழும் உரையும் வாதமும் புலவரின் கல்விக்கேற்ப விரியும். பல இரவுகளில் திரைக்கு முன்னால் ஒருவரும் இருப்பதில்லை. தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராவண வதத்தைக் காணத் தவறிய பத்ரகாளிக்காகவே கூத்து நடப்பதாக ஐதிகம். குறுக்கிட்டுக் கேள்வி கேட்கும் ஆள் அங்கே இல்லை. ஆகவே தயாரித்த பாடல் தயாரித்தபடியே நிற்க முடிகிறது. கழக்கூட்டத்து மேசையில் நால்வர் இருக்கிறார்கள். அவர்கள் குறுக்கிடுவதற்காகவே வந்தவர்கள். அவர்களுள் ஒருவர் "நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்கும்போது நேர்மையாக விடை சொல்வதற்குத்தான் அங்கே முன்தயாரிப்பு தேவைப்படுகிறது.

ஆட்டம் இன்னும் தொடர்கிறது. மேசை நடுவே இப்போது எக்ஸ் எழுதிய அட்டை ஒன்றும் இருக்கிறது. இதுவரை யாரும் தொட்டதில்லை. குறிப்பேடு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. நொண்டி நடக்கும் முதியவர்கள் இனி வராமலிருக்க, பெயர்களும் தொழில்களும் நடைகளும் பட்டியலாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அவர்கள் பாத்திரம் என்ன கேட்டது, எதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை என்பவை அதில் இருக்கும். ஞாயிறு மதியம் கதைசொல்லி அவற்றைத்தான் முதலில் படிக்கிறார்.

மாலுமியின் பக்கத்தில் 'அண்ணனின் படகு' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. கீழே ஒன்றும் எழுதப்படவில்லை. ஒவ்வொரு புதிய துறைமுகத்திலும் மாலுமி இறங்கி விசாரிக்கிறார். ஓரிடத்தில் மீன் விற்கும் பெண் அப்படியொரு படகைக் கண்டதாகச் சொன்னாராம் என்று ஒரு சிறுவன் சொன்னான். இன்னோரிடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. எதிர்காலத்தில் என்ன தெரியவரும் என்பது கதைசொல்லிக்கும் தெரியாது. இளைஞர் கேட்கும்போது அவர் அந்தத் துறைமுகத்தில் யார் எதைக் கண்டிருக்க முடியும் என்று மட்டும் யோசித்து, அதைச் சொல்கிறார்.

படகு கடலுக்குப் போயிருக்கிறது.